நீண்ட பிரைமரியில் யாருக்கு உற்சாகம், யாருக்கு அலுப்பு? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

2008 ஜனவரி 3 அன்று ஐயோவா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வு, ஜூன் 3 அன்று மொன்டானாவிலும் தெற்கு டகோட்டாவிலும் வாக்குப்பதிவு முடிந்த பிறகே ஓய்ந்தது. பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஐந்து மாதங்கள் மாநிலம் மாநிலமாக மோதினார்கள். மார்ச் மாதமே "ஜனங்கள் அலுத்துவிட்டார்கள், யாராவது ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் நல்லது" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மார்ச் கடைசியில் வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி, கிளிண்டன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் வாக்களித்த மாநிலங்களில் கூட்டம் குறையவில்லை. பல இடங்களில் முந்தைய தேர்தலைப்போல மூன்று நான்கு மடங்கு பேர் வந்து வாக்களித்தார்கள்.

அலுப்பு என்ற பேச்சும் உண்மை, நீண்ட வரிசைகளும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருக்க முடிந்ததற்குக் காரணம், அலுத்துப்போனவர்கள் வேறு, வரிசையில் நின்றவர்கள் வேறு என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த நீண்ட பிரைமரியையும் குழப்பமில்லாமல் பின்தொடரலாம். முதலில் இந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரைமரி என்றால் என்ன?

பெரும்பாலான நாடுகளில் கட்சியின் வேட்பாளரைக் கட்சித் தலைமையோ உறுப்பினர்களோ முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வேலை சாதாரண வாக்காளர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தேதியில், "நம் கட்சி சார்பில் யார் நிற்க வேண்டும்" என்று தனியாக வாக்கெடுப்பு நடத்துகிறது. அதுதான் பிரைமரி. அந்த வாக்குகள் நேரடியாக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று பங்கிடுகின்றன. மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகள் யார் பக்கமோ அவரே வேட்பாளர். 2008இல் ஜனநாயகக் கட்சியில் கடைசியாகத் தேவைப்பட்ட எண்ணிக்கை 2,118.

இந்த முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது 1968க்குப் பிறகு. அந்த ஆண்டு, அப்போதைய துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலேயே, ஜனநாயகக் கட்சித் தலைவர்களின் ஆதரவில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். மாநாட்டு அரங்குக்கு உள்ளேயும் வெளியேயும் வெடித்த கோபத்துக்குப் பிறகு, கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் ஆணையம் விதிகளை மாற்றியது. முடிவெடுக்கும் உரிமை வாக்காளர் கைக்கு வந்தது, கூடவே நீண்ட பந்தயமும் வந்தது.

சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதிலாக காக்கஸ் உண்டு. பிரைமரியில் காலை முதல் மாலை வரை எப்போது வேண்டுமானாலும் போய் வாக்குச்சீட்டில் குறித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வீடு திரும்பலாம். காக்கஸ் அப்படியல்ல. 2008இல் ஐயோவா ஜனநாயகக் கட்சியினர் மாலை 7 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயக் கூடத்துக்கோ போய்ச் சேர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் கூடத்தின் ஒவ்வொரு மூலையில் கூடி நிற்பார்கள், தலை எண்ணப்படும். பெரும்பாலான கூடங்களில், வந்தவர்களில் 15% தேறாத குழு கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியில் மற்றக் குழுக்காரர்கள் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். இது முடிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரவுப் பணிக்காரர், கைக்குழந்தை உள்ளவர், ஜனவரிப் பனியில் வெளியே வர முடியாத முதியவர் ஆகியோருக்கு அது கிட்டத்தட்ட எட்டாத தேர்தல். எனவே காக்கஸ் வருகையையும் பிரைமரி வருகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. உற்சாகத்தை அளப்பதாகச் சொல்லும் பலர் செய்யும் முதல் பிழை இதுதான்.

யார் வாக்களிக்கலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா மூடிய பிரைமரி: அந்தக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்தவருக்கு மட்டுமே வாக்குச்சீட்டு. இண்டியானா திறந்த பிரைமரி: எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு வாங்கலாம்.

ஏன் இவ்வளவு நீள்கிறது?

கணக்குதான் காரணம். ஜனநாயகக் கட்சியில் "வென்றவருக்கே எல்லாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 15% வாக்கு பெற்ற எவருக்கும் விகிதப்படி பிரதிநிதிகள் உண்டு. பெரும்பகுதிப் பிரதிநிதிகள் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து அல்லாமல், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதிவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு தொகுதிக்கு நான்கு பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மட்டும் களத்தில் இருக்கும்போது ஒருவர் 60%, மற்றவர் 40% வாங்குகிறார். நம் கண்ணுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் நான்கில் 60% என்பது 2.4, முழு எண்ணாக்கினால் இரண்டு. தோற்றவருக்கும் இரண்டு. மூன்றுக்கு ஒன்று என்று ஆக வேண்டுமானால் வென்றவர் 62.5% தாண்ட வேண்டும். மூன்று பிரதிநிதிகள் உள்ள தொகுதியிலோ 51% போதும், இரண்டுக்கு ஒன்று கிடைத்துவிடும். ஆகவே எந்தத் தொகுதியில் வென்றோம், அதற்கு ஒற்றைப்படை எண்ணா இரட்டைப்படை எண்ணா என்பதெல்லாம் வாக்கு வித்தியாசத்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

2008 பிப்ரவரி 5, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய் அன்று நடந்ததைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். கிளிண்டன் தெளிவாக வென்றார். பிரதிநிதிகள் 59க்கு 48, அதாவது 11 கூடுதல். அதே நாளில் இடாஹோ காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர். ஒபாமா அங்கே ஏறக்குறைய 80% வாங்கினார். 15க்கு 3, அதாவது 12 கூடுதல். குடியரசுக் கட்சியின் கோட்டையான ஒரு சின்ன மாநிலத்தின் காக்கஸ், நியூ ஜெர்சி முழுவதன் லாபத்தையும் அழித்துவிட்டது. ஒபாமா அணி இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு அங்கே அலுவலகம் திறந்து ஆள் வைத்திருந்தது. கிளிண்டன் அணி பெரிய மாநிலங்களை நம்பியிருந்தது. சூப்பர் செவ்வாயோடு ஆட்டம் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலமாக இருந்தது.

அதே ஆண்டு குடியரசுக் கட்சியில் பல பெரிய மாநிலங்கள் வென்றவருக்கே எல்லாப் பிரதிநிதிகளையும் கொடுத்தன. ஜான் மெக்கெய்ன் மார்ச் 4இலேயே வேலையை முடித்துவிட்டார். இரண்டு கட்சிகளின் வாக்காளர்களும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தவர்கள்தான். ஒரு கட்சிக்கு இரண்டு மாதம், இன்னொன்றுக்கு ஐந்து மாதம் ஆனதற்கு விதிதான் காரணம்.

விகித முறையின் மறுபக்கம், முன்னிலை ஒருமுறை கிடைத்துவிட்டால் அதைக் கரைப்பது மிகக் கடினம். சூப்பர் செவ்வாய்க்குப் பின் பிப்ரவரியில் ஒபாமா தொடர்ச்சியாகப் பத்துக்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றதும், வாக்கால் கிடைத்த பிரதிநிதிகளில் சுமார் 150 முன்னிலை உருவானது. பிறகு பென்சில்வேனியாவில் கிளிண்டன் ஒன்பது சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். அத்தனை பெரிய மாநிலத்தில் அவருக்குக் கிடைத்த கூடுதல் 12 பிரதிநிதிகள் மட்டுமே, 85க்கு 73. செய்திகளில் "போட்டி மீண்டும் சூடு பிடித்தது" என்று ஓடியது. கணக்கில் அனேகமாக எதுவும் மாறவில்லை. வாக்களித்துவிட்டு வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அலுப்பு தட்டியதன் வேர் இங்கேதான் இருக்கிறது: முடிவு கிட்டத்தட்டத் தெரிகிறது, ஆனால் முடிவதில்லை.

உற்சாகம் எங்கிருந்து வருகிறது?

"என் வாக்கு முடிவை மாற்றும்" என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: போட்டி இன்னும் முடியாமல் இருக்க வேண்டும், போட்டி என் ஊருக்கு வந்திருக்க வேண்டும். ஐயோவாவில் 2004இல் ஜனநாயகக் கட்சி காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1,24,000 பேர். 2008இல் சுமார் 2,39,000. கூடங்களில் நிற்க இடமில்லை.

இதைவிடப் பாடம் தருவது இண்டியானா. அந்த மாநிலம் மே மாதத்தில்தான் வாக்களிக்கும். வழக்கமாக அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2004இல் ஜான் கெர்ரி ஏற்கெனவே வென்றுவிட்ட நிலையில், அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு வந்தவர்கள் மூன்று லட்சம் சொச்சம். 2008 மே 6 அன்று பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல். ஐந்தாவது மாதத்தில், எல்லாரும் அலுத்துவிட்டார்கள் என்று சொல்லப்பட்ட கட்டத்தில், நான்கு மடங்கு. அதே நாளில், வேட்பாளர் முடிவாகிவிட்ட குடியரசுக் கட்சியின் பிரைமரியில் பதிவானவை நான்கு லட்சம் சொச்சம் வாக்குகள். கூட்டத்தைக் குறைப்பது போட்டியின் நீளமல்ல, போட்டி முடிந்துவிட்டது என்ற செய்தி.

ஒவ்வொரு வாக்காளரும் ஒரே ஒரு முறைதான் வாக்களிக்கிறார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஐயோவாக்காரருக்கு ஜனவரி முதல் வாரத்தில் வேலை முடிந்தது. இண்டியானாக்காரருக்கு மே முதல் வாரத்தில்தான் தொடங்குகிறது. அவர் ஊருக்கு அதிபர் வேட்பாளர்கள் நேரில் வருகிறார்கள், உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பேசுகிறார்கள், காலைச் சிற்றுண்டிக் கடையில் கை குலுக்குகிறார்கள். பல பத்தாண்டுகளில் அவர்கள் காணாதது அது. நாள்காட்டி நகர நகர உற்சாகம் ஒரு மாநிலத்திலிருந்து அடுத்ததற்கு இடம்பெயர்கிறது. முடிந்த மாநிலங்களில் அலுப்பு தங்கிவிடுகிறது. ஐந்தாவது மாதத்தில் நாட்டை மொத்தமாக எடுத்து "அலுத்துவிட்டீர்களா" என்று கேட்டால், பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாக்களித்தவர்கள். தேசியக் கருத்துக்கணிப்பில் அலுப்பும் உள்ளூர் வாக்குச்சாவடியில் கூட்டமும் சேர்ந்தே தெரிவது இதனால்தான்.

உற்சாகத்துக்கு நம்பகமான ஓர் அடையாளம் வாக்காளர் பதிவு. பென்சில்வேனியா மூடிய பிரைமரி என்பதால், 2008 மார்ச் 24க்குள் ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்தாக வேண்டும். எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்களும் குடியரசுக் கட்சியினரும் பெரிய அளவில் மாறிப் பதிந்தார்கள். கட்சியின் பதிவு 40 லட்சத்தைத் தாண்டி அந்த மாநிலத்தில் சாதனையானது. படிவத்தை வாங்கி, நிரப்பி, கெடுவுக்குள் சேர்ப்பது என்பது கருத்துக்கணிப்புக்காரரிடம் "ஆமாம், ஆர்வமாக இருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்வதைவிடக் கனமான சாட்சி.

ஆனால் திறந்த பிரைமரி எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. மெக்கெய்ன் வென்றுவிட்டதால் குடியரசுக் கட்சியினர் பலருக்கு வேறு வேலை இல்லை. இண்டியானாவில் அவர்கள் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்க முடியும். வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா, சண்டையை நீட்டுவதற்காகவே கிளிண்டனுக்கு வாக்களியுங்கள் என்று தன் நேயர்களைத் தூண்டிக்கொண்டிருந்தார். அது எத்தனை வாக்காக மாறியது என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த எண்ணில் கொஞ்சம் கலப்படம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: சாதனை ஆண்டான 2008இலேயே, இரு கட்சிகளையும் சேர்த்தால் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 30% பேர்தான் பிரைமரிகளில் பங்கெடுத்தார்கள். பிரைமரி உற்சாகம் எப்போதுமே சிறுபான்மையினரின் உற்சாகம்.

அலுப்பு யாரைப் பிடிக்கிறது?

முதலில் தன்னார்வலர்களை. மாலை வேலை முடித்து வந்து பட்டியலை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிடுபவர்கள், சனி ஞாயிறில் கதவு தட்டுபவர்கள் இவர்கள். ஒரு மாநிலம் முடிந்ததும் பக்கத்து மாநிலத்துக்குப் பேருந்தில் போவார்கள். முதல் இரண்டு மாதம் தாங்கும். அதன் பிறகு ஆள் குறையும், மிச்சமிருப்பவர்கள் மீது சுமை ஏறும். அணி அலுப்பைத் தானே உண்டாக்கும் இடமும் இதுதான். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஏற்கெனவே வாக்களித்துவிட்டவரை மறுபடி மறுபடி கூப்பிட்டால், கூப்பிடுபவரின் நேரமும் போகிறது, கேட்பவரின் பொறுமையும் போகிறது. முன்கூட்டி வாக்களித்தவர்களின் பட்டியலைப் பல மாவட்ட அலுவலகங்கள் நாள்தோறும் தருகின்றன. நன்றாக நடக்கும் பிரசார அலுவலகத்தில் அன்றிரவே அந்தப் பெயர்களை நீக்கிவிடுவார்கள். சலிப்பூட்டும் சின்ன வேலை, ஆனால் கடைசி வாரத்தில் ஆள் மிச்சமாவது இதனால்தான்.

அடுத்தது நன்கொடையாளர்கள். இங்கே சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2008இல் ஒருவர் ஒரு வேட்பாளரின் பிரைமரிக்கு அதிகபட்சம் 2,300 டாலர்தான் கொடுக்கலாம். பொதுத்தேர்தலுக்குத் தனியாக இன்னொரு 2,300. கிளிண்டன் அணி ஆரம்பத்திலேயே வசதியான ஆதரவாளர்களிடம் முழுத் தொகையையும் வாங்கிவிட்டது. போட்டி நீண்டபோது அவர்களிடம் மறுபடி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பொதுத்தேர்தலுக்கென்று வாங்கிய பணத்தைப் பிரைமரியில் தொடவும் முடியாது. ஜனவரி இறுதியில் கிளிண்டன் தன் சொந்தப் பணம் 50 லட்சம் டாலரைப் பிரசாரத்துக்குக் கடனாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒபாமா அணிக்கு 25 டாலர், 50 டாலர் கொடுத்தவர்கள் ஏராளம். அவர்களிடம் மாதாமாதம் கேட்கலாம், வரம்பைத் தொடவே பல மாதம் ஆகும். 2008 பிப்ரவரியில் மட்டும் அந்த அணி 5.5 கோடி டாலர் திரட்டியது. நீண்ட போட்டியில் பெரிய நன்கொடை ஒருமுறை எரிந்து முடிகிறது, சிறு நன்கொடை தொடர்ந்து வருகிறது.

பணம் தீர்ந்தால் வாக்குப்பதிவே தொடங்காமல் ஆட்டம் முடியவும் கூடும். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2020 தேர்தலுக்கான போட்டியை 2019 ஜனவரியில் பெரும் கூட்டத்தோடு தொடங்கினார். அந்த டிசம்பர் 3 அன்று, தொடர்ந்து நடத்தப் பணமில்லை என்று சொல்லி விலகினார். ஐயோவாவுக்கு அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

வேட்பாளர்களும் களைக்கிறார்கள். ஒபாமாவும் கிளிண்டனும் 2007இன் தொடக்கத்திலேயே களத்தில் இறங்கியவர்கள். 2008 ஏப்ரலில் இருவருக்கும் அது பதினைந்தாவது மாதம் போல. 1996இல் போஸ்னியாவின் துஸ்லா விமான நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கி ஓடியதாகக் கிளிண்டன் சொன்னார். அவர் அமைதியாக இறங்கிச் சிறுமி ஒருத்தியின் வரவேற்பை ஏற்கும் பழைய காணொளி உடனே வெளிவந்தது. ஒபாமா, சிறுநகர வாக்காளர்கள் மனக்கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று சான் பிரான்சிஸ்கோ நன்கொடைக் கூட்டத்தில் பேசியது பென்சில்வேனியா பிரசாரத்துக்கு நடுவே வெளியே வந்தது. ஒரு குறுகிய போட்டியில் இவற்றில் ஒன்றுகூட நடக்காமலே போயிருக்கலாம். நாள் கூடக் கூட, சறுக்குவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

வாக்குப்பதிவே இல்லாத ஆறு வாரம்

2008 போட்டியில் உண்மையிலேயே கசப்பு ஏறியது எப்போது என்று தேடினால் விரல் ஓரிடத்தில் வந்து நிற்கும்: மார்ச் 11 மிசிசிப்பிக்கும் ஏப்ரல் 22 பென்சில்வேனியாவுக்கும் நடுவில். ஆறு வாரம் எந்த மாநிலத்திலும் வாக்குப்பதிவு இல்லை. அதுவரை ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு முடிவு வந்துகொண்டிருந்தது. தோற்றவருக்கு அடுத்த செவ்வாய் என்ற நம்பிக்கை, வென்றவருக்கு அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய அவசரம். முடிவுகள் நின்றதும், செய்தி வேண்டிய தொலைக்காட்சிகளும் தாக்குதலுக்கு நேரம் கிடைத்த அணிகளும் மட்டும் மிஞ்சின. ஒபாமாவின் போதகர் ஜெரமையா ரைட்டின் பிரசங்கக் காணொளிகள், அதற்குப் பதிலாக மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் ஒபாமா இனம் பற்றி ஆற்றிய உரை, துஸ்லா விவகாரம், சான் பிரான்சிஸ்கோ பேச்சு, லேஹியின் விலகல் கோரிக்கை அனைத்தும் இந்த ஆறு வாரத்துக்குள் அடங்கும். ஏப்ரல் 16 அன்று பிலடெல்பியாவில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தின் முதல் பாதி கொள்கையைத் தொடாமல் இந்தச் சர்ச்சைகளிலேயே போனது.

அதனால் ஒரு பிரைமரி நாள்காட்டி வெளியானதும் எத்தனை மாதம் ஓடும் என்று பார்ப்பதைவிட, எங்கே பெரிய இடைவெளி விழுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மூன்று வாரத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அங்கே சண்டை தனிமனிதத் தாக்குதலாக மாறும் என்று எதிர்பார்க்கலாம்.

விதிகள் குழப்பினால்

அலுப்பு கோபமாக மாறுவது பெரும்பாலும் விதிச் சிக்கலில். டெக்சாஸில் 2008 மார்ச் 4 அன்று ஒரே நாளில் பிரைமரியும் காக்கஸும் நடந்தன. பகலில் வாக்களித்தவர், மாலை 7 மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும் மறுபடி அங்கேயே வந்து கையெழுத்திட வேண்டும். 126 பிரதிநிதிகள் பிரைமரி வழியாக, 67 பேர் காக்கஸ் வழியாக. வழக்கமாக ஒரு கைப்பிடி ஆட்கள் வரும் மாலைக் கூட்டத்துக்குத் திரளாக மக்கள் வந்ததில் பல இடங்களில் கையெழுத்துத் தாள் போதவில்லை, அறை போதவில்லை, நடத்தத் தெரிந்தவர் இல்லை. பிரைமரியில் கிளிண்டன் வென்றார், 65க்கு 61. காக்கஸில் ஒபாமா, 38க்கு 29. கூட்டிப் பார்த்தால் ஒபாமாவுக்கு 99, கிளிண்டனுக்கு 94. மாநிலத்தில் அதிக வாக்கு வாங்கியவருக்குக் குறைவான பிரதிநிதிகள்! அன்று இரவு தூங்கப் போன ஒரு கிளிண்டன் ஆதரவாளர் தாம் வென்றதாகவே நினைத்திருப்பார்.

மிச்சிகனும் ஃபுளோரிடாவும் இன்னும் மோசம். கட்சி அனுமதித்த தேதிக்கு முன்னால் இரண்டும் ஜனவரியிலேயே பிரைமரி நடத்தியதால், கட்சி அவற்றின் பிரதிநிதிகள் அனைவரையும் பறித்தது. மிச்சிகன் சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை, அவரே நீக்கச் சொல்லியிருந்தார். 40% பேர் "யாருக்கும் கட்டுப்படாதவர்" என்ற கட்டத்தில் குறித்தார்கள். போட்டி சீக்கிரம் முடிந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நீண்டதால் ஒவ்வொரு பிரதிநிதியும் கனமானார். மே 31 அன்றுதான் கட்சியின் விதிக்குழு கூடி, ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அரை வாக்கு என்று முடிவு செய்தது. அரங்கத்துக்குள்ளேயே கூச்சலும் குழப்பமும். அதிகம் பேசப்பட்ட அந்தக் கோபம், வாக்கே எண்ணப்படாதவர்களின் கோபம். அது நியாயமானது, அதை அலுப்பு என்று பெயரிட்டு ஒதுக்கியது தவறு.

முன்கூட்டி வாக்களிப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. 2008 போட்டியில் இன்னொரு வேட்பாளராக இருந்த ஜான் எட்வர்ட்ஸ் ஜனவரி 30 அன்று விலகினார். ஆனால் கலிபோர்னியாவில் பிப்ரவரி 5 எண்ணிக்கையில் அவருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வந்தன. அவற்றில் பல அவர் விலகுமுன் அஞ்சலில் போட்டவை. 2020இலும் இதுவே நடந்தது. ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சரும் சூப்பர் செவ்வாய்க்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் விலகியதில், முன்பே வாக்களித்தவர்களின் சீட்டுகள் வீணாயின. அதே ஆண்டு அலாஸ்கா, வயோமிங், கன்சாஸ், ஹவாய் ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினர் வரிசைப்படி விருப்பம் குறிக்கும் சீட்டைப் பயன்படுத்தினார்கள். முதல் விருப்பம் பிரதிநிதி பெறும் வரம்பை எட்டாவிட்டால் வாக்கு அடுத்தவருக்குப் போகும். பெரிய மாநிலங்களிலும் இதைக் கொண்டுவந்தால் நிறைய ஏமாற்றம் மிச்சமாகும்.

காயம் ஆறுமா?

வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் நடத்தும் கணிப்பில் ஒரு வழக்கமான கேள்வி: "உங்கள் ஆள் தோற்றால் நவம்பரில் மற்றவருக்கு வாக்களிப்பீர்களா?" 2008 மே மாதத்தில் கிளிண்டன் ஆதரவாளர்களில் கணிசமானோர் "மாட்டேன்" என்றார்கள். கட்சி இரண்டாகிவிட்டது என்று கட்டுரைகள் வந்தன. அந்தக் கேள்வி கேட்கப்படும் நேரத்தைப் பாருங்கள்: தன் வேட்பாளருக்கு இப்போதுதான் வாக்களித்துவிட்டு, சண்டையின் சூடு தணியாமல் வருகிறார். அப்போது வரும் பதில் கோபத்தின் அளவைக் காட்டுமே தவிர நவம்பரைக் காட்டாது.

ஆறியதற்கு நாள் மட்டும் காரணமல்ல. கிளிண்டன் ஜூன் 7 அன்று வாஷிங்டனில் தன் ஆதரவாளர்களிடமே நேராகப் பேசி ஒபாமாவை ஆதரித்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், பிரதிநிதிகள் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்மொழிந்தவரும் அவரே. நவம்பரில் கிளிண்டன் ஆதரவாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஒபாமாவுக்கே வாக்களித்தார்கள். மே மாதத்தில் அலுவலகம் திறந்து, பட்டியல் சேர்த்து, தன்னார்வலர்களைப் பழக்கிய இண்டியானாவில் ஒபாமா வென்றார். ஜனநாயகக் கட்சிக்கு அந்த மாநிலம் 1964க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. வட கரோலினாவும் 1976க்குப் பிறகு முதல் முறையாக அவர் பக்கம் வந்தது. பிரைமரி சீக்கிரம் முடிந்திருந்தால் இரண்டு மாநிலங்களிலும் அந்த அளவுக்கு அடித்தளம் இருந்திருக்காது.

நீண்ட போட்டி எப்போதும் இப்படி முடிவதில்லை. 1980இல் எட்வர்ட் கென்னடி, பதவியிலிருந்த தன் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து ஆகஸ்ட் மாநாடு வரை போனார். பிரைமரிகளில் கார்ட்டர் தெளிவாக முந்திய பிறகும், பிரைமரி முடிவுப்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து பிரதிநிதிகளை விடுவிக்கும்படி மாநாட்டில் விதியையே மாற்றப் பார்த்தார். நவம்பரில் ரொனால்ட் ரீகனிடம் கார்ட்டர் ஆறு மாநிலங்களையும் தலைநகரையும் மட்டுமே தக்கவைத்துத் தோற்றார். அங்கே சண்டை பதவியில் இருக்கும் அதிபரின் ஆட்சியைப் பற்றியது. விலைவாசியும் ஈரான் பிணைக்கைதி விவகாரமும் ஏற்கெனவே அவரைத் தளர்த்தியிருந்தன. 2008இல் இருவரும் ஏறக்குறைய ஒரே கொள்கைக்காரர்கள், ஆட்சியில் இருந்தது எதிரணியான குடியரசுக் கட்சி. எனவே அடுத்த முறை ஒரு பிரைமரி நான்காவது மாதத்தைத் தாண்டும்போது, இருவரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், தோற்கப்போகிறவர் எந்தத் தேதியில் தன் ஆட்களிடம் நேரில் பேசுகிறார் என்ற இரண்டையும் முதலில் கவனியுங்கள்.